துணி சிவந்தால் நல்லது

கிஜ்துவான்
28 ஜூன் 1999

மோஹிராவின் அப்பாவுக்கு,

ஸலாம். இரண்டு வருஷம் கழித்து நான் பேனாவை எடுக்கிறேன் என்றால் காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது. மோஹிராவைப் பெண் கேட்டு வாப்கென்ட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்துபோகிறது. பையன் பல் டாக்டருக்குப் படிக்கிறான். மூன்று தடவை வந்துவிட்டார்கள். மூன்று தடவையும் "அவ அப்பாவைக் கேக்கணும்" என்றேன். மூன்றாம் தடவை பையனின் அம்மா, "அப்பா எங்க இருக்காரு, நிலாவுலயா?" என்று கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

செப்டம்பர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நிச்சயத்துக்கு ரொட்டி உடைக்க நாள் குறித்தாயிற்று. பெண்ணின் அப்பா உட்கார்ந்துதான் அந்த ரொட்டியை உடைக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா செத்துப்போயிருந்தால் மாமன் உடைக்கலாம். நீங்கள் சாகவில்லை, நூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் காஸ் பம்ப் செய்துகொண்டிருக்கிறீர்கள். என் அண்ணன் எர்காஷுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. "அவன் வரலைன்னா நான் உக்காந்து உடைக்கிறேன். என்ன குடியா முழுகிப்போச்சு?" என்கிறார். மோஹிரா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதம் ஒரு தடவை புகாரா பஸ் நிலையத்தில் அவளைப் பார்க்கிறீர்களே, அவள் வாயைத் திறந்து உங்களிடம் கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். எனக்காக இல்லை.

நிலையத்துக்கு போன் போடலாம்தான். ஆனால் எக்ஸ்சேஞ்சில் ஹலீமா உட்கார்ந்திருக்கிறாள். நாம் பேசி முடிக்குமுன் சந்தையில் அதையே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஷிப்ட் பஸ் ஓட்டும் ஹகீமிடம் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடுங்கள். பையில் இருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட் மோஹிரா வைத்தது.

காரிலேயே வாருங்கள். வாப்கென்ட்காரர்கள் வரும்போது அது வாசலில் நிற்க வேண்டும்.

ஷராபத்


எட்டாம் நிலையம், கிஸில்கும்
8 ஜூலை

மோஹிராவின் அம்மாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு என்னோடு ஷிப்டில் இருக்கும் ஓராஸ்பாய்க்கு ஒரு முறை படித்துக் காட்டினேன். "பல் டாக்டர் மாப்பிள்ளையா? உன் வாயப் பாத்தான்னா கல்யாணத்துக்கு முந்தியே ஓடிருவான்" என்றான். அவனுக்கே நாலு பல்தான் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை, அதனால் ஆப்ரிகாட் முழுவதையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டேன்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. சிக்கல் கார்.

ஊரில் எவனும் அந்தக் காரை மறந்திருக்க மாட்டான். பருத்தி அறுவடை மெஷின் ஓட்டி, மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, ஒரு பெண் மேடையேறிப் பரிசு வாங்கிய செர்ரிச் சிவப்பு மாஸ்க்விச். தெருக் குழந்தைகூடக் கைகாட்டும். அது இப்போது சிவப்பாக இல்லை. இங்கே ஒரே ஒரு கொட்டகை, அதில் மோட்டார் இருக்கிறது. கார் இரண்டு வருஷமாக வெயிலில் நிற்கிறது. பானெட் ரோஸாகிவிட்டது, கதவெல்லாம் அழுக்கு ரோஸ். டாப் வெள்ளை. கையை வைத்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. கவனிக்காமலே விட்டுவிட்டேன். தினமும் பார்க்கிற பொருள் வெளுப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பஸ்ஸில் வந்தால் உன் அண்ணன், "வண்டிய எங்க வித்துத் தின்னே?" என்பார். இப்படியே ஓட்டிக்கொண்டு வந்தால் சபையில் என்ன சொல்வார் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. இரண்டில் எதையும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கார் சிவப்பானால் வருவேன். ஆகாவிட்டால் எர்காஷே உடைக்கட்டும், மோஹிராவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நீ கவலைப்படாதே, வழி கண்டுபிடித்துவிட்டேன். நேற்று ஓராஸ்பாய் சொன்னபடி பருத்திக்கொட்டை எண்ணெயைத் துணியில் நனைத்துக் கார் முழுக்கப் பூசினேன். நம்ப மாட்டாய், ஒரே நிமிஷத்தில் ரத்தச் சிவப்பு! புதுக் கார் கெட்டது. நாளைக்கு இன்னொரு கை பூசப்போகிறோம்.

நோர்முரத்


கிஜ்துவான்
15 ஜூலை

மோஹிராவின் அப்பாவுக்கு,

எண்ணெயா? புலாவுக்குக் கறி வதக்குகிற எண்ணெயை என் காரில் பூசினீர்களா?

என் கார் என்று எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

பன்னிரண்டு வருஷமாக டாக்ஸி டிப்போவின் பெயிண்ட் அறையில் நிற்கிறேன். எண்ணெய் பூசின காரோடு வருஷத்துக்கு நாலு பேராவது என் முன்னால் வந்து நிற்பார்கள். நாலு பேரும் "பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்" என்பார்கள். உங்களுக்கு அக்கம்பக்கமே இல்லாத இடத்திலும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன் கிடைத்திருக்கிறான். எண்ணெய் பட்ட நிமிஷம் எந்த வெளுத்த பெயிண்டும் புதுசாகத்தான் தெரியும். வெயில் ஏறினால் அது பிசினாகும். அதற்கப்புறம் காற்றில் என்ன பறந்தாலும் அதில் உட்கார்ந்துகொள்ளும். கிஸில்குமில் காற்றில் என்ன பறக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கை பூசியிருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள். பூசாவிட்டால் பூசாதீர்கள். அடுத்த கடிதம் வரும்வரை காரைத் தொட வேண்டாம். ஓராஸ்பாயையும் தொட விட வேண்டாம்.

அண்ணன் நேற்று வந்து புது மேல்கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ரொட்டி உடைக்க உட்காரும்போது போட்டுக்கொள்வதற்காம். மோஹிரா டீயை அவர் முன்னால் வைத்தபோது பாதி தட்டில் சிந்தியது.

ஷராபத்


எட்டாம் நிலையம்
24 ஜூலை

மோஹிராவின் அம்மாவுக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே புழுதிக்காற்று அடித்தது. இரண்டு கை எண்ணெய் பூசியிருந்தோம் (சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன்). இப்போது கார், கிஜ்துவான் சந்தையில் மாவில் புரட்டி வைத்திருப்பார்களே மீன், அது மாதிரி நிற்கிறது. பொரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஓராஸ்பாய் அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேல்கோட்டு தைக்கட்டும். நன்றாகத் தைக்கட்டும். இந்தக் கார் இனிச் சிவக்காது, நானும் வரவில்லை.

எழுத வேண்டாம் என்றிருந்தேன், இப்போது எழுதுகிறேன். உன் அண்ணன் மகன் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் என்ன சொன்னார்? "டிரைவர், வண்டிய எடு!" வீட்டு மாப்பிள்ளையை. எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும், அவர்களுக்கு நான் யார்? ஆனால் திரும்பிப் பார்த்தால் நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். வாயைப் பொத்திக்கூட இல்லை, தோள் குலுங்கச் சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் நான் அன்றைக்கு வண்டியில் ஏறினேன், இங்கே வந்துதான் இறங்கினேன். பெண்டாட்டி காரை ஓட்டுகிறவன் என்று ஊர் சொல்வது எனக்குப் பழக்கம். நீயும் அப்படித்தான் நினைத்தாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நோர்முரத்


கிஜ்துவான்
30 ஜூலை

மோஹிராவின் அப்பாவுக்கு,

சிரித்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்தது தப்பு. இரண்டு வருஷமாக அதைத் தினமும் நினைக்கிறேன், உங்கள் முகம் போன போக்கையும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக நான் சிரிக்கவில்லை. வேறு எதற்கோ சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று எழுத மாட்டேன், எழுதினால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும். மெஷின் ஓட்டிய கைக்கு அந்தக் காரை ஓட்டத் தெரியாதா? பரிசு வாங்கின அன்றைக்கே மேடையிலிருந்து இறங்கி வந்து சாவியை உங்கள் கையில் வைத்தேன். டிரைவர் வேண்டும் என்று யாரும் புருஷன் கையில் சாவி கொடுப்பதில்லை.

இனிக் காருக்கு வருவோம். ஐந்து வாரம் இருக்கிறது, நிறைய நேரம்.

முதலில் மணல். துணியால் துடைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும். தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், தானாக வழிந்து போகட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்பு. மிச்சம் இருக்கிற பிசினுக்கு மண்ணெண்ணெய், துணியில் தொட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு சாண் இடம், உடனே சோப்புத் தண்ணீர். எல்லாம் விடிகிற நேரத்தில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும். கை வைத்தால் சுடுகிறது என்றால் அன்றைய வேலை முடிந்தது.

அது முடிந்தபின் ஜாடியில் அனுப்பியிருக்கும் பாலிஷ். பழைய கம்பளத்தை வெட்டித் துண்டுகள் வைத்திருக்கிறேன், அதில் தடவித் தேயுங்கள். வட்டமாக வேண்டாம், காரின் நீளவாக்கில் போய் வாருங்கள். தேய்க்கத் தேய்க்கத் துணி சிவப்பாகும். அதைப் பார்த்துப் பெயிண்ட் போய்விட்டது என்று அலறாதீர்கள். இந்தக் காலத்துக் கார் மாதிரி இதற்கு மேலே கண்ணாடி வார்னிஷ் கிடையாது, அடி முதல் மேல் வரை ஒரே சிவப்பு. வெயில் கொன்றது மேல் தோலை மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் அடியில் பழைய நிறம் உயிரோடு இருக்கும். துணி சிவந்தால் நல்லது. சாம்பல் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள், அது பிரைமர், அதற்குமேல் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

ஓரங்களிலும் மடிப்புகளிலும் அழுத்தாதீர்கள். அங்கே பெயிண்ட் எப்போதுமே மெல்லிசு.

வரவில்லை என்று எழுதிய வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷராபத்


எட்டாம் நிலையம்
14 ஆகஸ்ட்

மோஹிராவின் அம்மாவுக்கு,

பிசினை எடுக்க ஒன்பது விடியல் ஆயிற்று. இங்கே தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவைதான். என் பங்குத் தண்ணீரில் கார் குளித்தது, நான் குளிக்கவில்லை. ஓராஸ்பாய் படுக்கையை வாசலுக்கு மாற்றிக்கொண்டான். அவன் சொன்ன யோசனைதானே, அனுபவிக்கட்டும்.

பிறகு பானெட்டில் உன் பாலிஷ். பத்து நிமிஷம் தேய்த்துத் துணியைத் திருப்பிப் பார்த்தால் ஆட்டை அறுத்த மாதிரி சிவப்பு. நீ சொல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி அழுதிருப்பேன். துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஷராபத், அதே செர்ரி! பானெட்டில் என் முகம் தெரிந்தது, தாடியோடு. ஓராஸ்பாயைக் கூப்பிட்டேன், அவன் முகமும் தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாப் மட்டும் செத்துவிட்டது. இரண்டு தேய்ப்பிலேயே துணியில் சாம்பல் வந்தது. நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன்.

இப்போது வேறு விஷயம். உன்னிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் தேய்த்து முடித்தபோது, எல்லா இடமும் செர்ரியாகிவிட்டது, கீழே ஓரமாக உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் செங்கல் நிறத்தில் நின்றது. எவ்வளவு தேய்த்தாலும் அப்படியே. பின்பக்க மட்கார்டில் இன்னொன்று. டிக்கி மூடியில் ஒன்று. வெயிலில் மற்றதெல்லாம் ஒரு மாதிரி வெளுத்திருக்கிறது, இவை வேறு மாதிரி. அது வேறு பெயிண்ட், வேறு கை. குனிந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன். இதுவரை ஏழு எண்ணிவிட்டேன்.

அந்தக் கதவு, கர்மானாவில் கிணற்றுச் சுவரில் நான் உரசிய இடம். இருட்டில் வீட்டுக்கு வந்தேன், காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சுவரில் படவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மட்கார்டு, உன் அண்ணன் வீட்டு கேட்.

பதினாலு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்று சபையிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன் நான். இதெல்லாம் எப்போது செய்தாய்?

நோர்முரத்


கிஜ்துவான்
20 ஆகஸ்ட்

மோஹிராவின் அப்பாவுக்கு,

ஏழு இல்லை, ஒன்பது. தேடுங்கள்.

விடியற்காலையில், நீங்கள் தூங்கும்போது செய்வேன். ஒடுக்கைத் தட்டி எடுத்து, டிப்போவில் மிஞ்சின சிவப்பைக் கலந்து. எவ்வளவு பார்த்துக் கலந்தாலும் தொழிற்சாலைச் சிவப்பு வராது. அன்றைக்கு ஒத்துப்போகும், வெயிலில் வருஷக்கணக்காக நின்றால் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் எப்போதும் நிழலில் நிறுத்தச் சொல்வேன். நீங்கள் என்னை நச்சரிப்பவள் என்றீர்கள்.

முதல் ஒடுக்கிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "ஒரு கீறல்கூட இல்ல" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

இனி எழுதலாம். அந்தக் கல்யாணத்தன்று அண்ணன் கத்துவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள், நினைவிருக்கிறதா? வழுக்கைத் தலைக்காரர் ஒருவரிடம், "பதினாலு வருஷம், ஒரு கீறல் காட்டு பாப்போம்" என்று சவால் விட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதர் எழுந்துபோய் டிக்கி மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அதுவும் சரியாக அந்த இடத்தை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அங்கே பெயிண்ட் அடித்திருந்தேன். அவர் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் "உண்மைதான்யா" என்று தலையாட்டிக்கொண்டு திரும்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் அப்படிக் கத்தினார். அவர் சொன்னது என் காதிலேயே விழவில்லை, எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. அதைப் பிறகு உங்களிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் ஒன்பதையும் சொல்ல வேண்டும்.

டாப்பை விடுங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை டிப்போவில் வைத்து நானே அடித்துத் தருகிறேன்.

அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "அவ அப்பா வர்றாரு, அவருதான் உடைப்பாரு. அந்தக் கோட்டை வேற கல்யாணத்துக்குப் போட்டுக்குங்க" என்றேன். "எதுல வர்றானாம்?" என்றார். "அவரு வண்டிலதான்" என்றேன்.

ஷராபத்


எட்டாம் நிலையம்
28 ஆகஸ்ட்

மோஹிராவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. அரை மணி நேரம் காரைச் சுற்றி நடந்தேன். அந்த வழுக்கைத் தலை டிக்கி மூடியைக் குனிந்து பார்த்த காட்சி கண்முன் வந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன்தான், ஓராஸ்பாய் வந்து முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக இங்கே உட்கார்ந்து மணலைத் தின்றேன், எதற்காக? எனக்கு என் மேலேயே கோபம். ஆனால் அன்றைக்கு ராத்திரி, வந்த நாளிலிருந்து தூங்காத தூக்கம் தூங்கினேன்.

எட்டாவதைக் கண்டுபிடித்துவிட்டேன், முன் பம்பருக்கு மேலே. ஒன்பதாவது கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வர முடியாது. நிலைய அதிகாரி சனிக்கிழமை ஷிப்ட் முடிந்துதான் விடுவேன் என்கிறார். ஞாயிறு விடியலில் கிளம்பினால் பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். அதனால் டாப்பை இங்கேயே முடித்தாக வேண்டியிருந்தது. இங்கே ஒரே ஒரு பெயிண்ட்தான் உண்டு, அது என்ன நிறம் என்று உனக்குத் தெரியும், நம் தெருவில் ஓடுகிற காஸ் குழாயும் அதே நிறம்தான். அதிகாரியிடம் கேட்டேன், டப்பாவில் அடியில் கிடந்ததை எடுத்துக்கொள் என்றார்.

மூன்று கை அடித்திருக்கிறேன். வழியவில்லை. நீ அருகில் வந்து பார்த்தால்கூடக் குறை சொல்ல முடியாது, நிறத்தைத் தவிர.

உன் அண்ணன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வருகிறேன்.

நோர்முரத்


கிஜ்துவான்
1 செப்டம்பர்

மஞ்சளா!

செர்ரிச் சிவப்பில் காஸ் குழாய் மஞ்சள் டாப்பா! டிப்போவில் சொன்னேன், மொத்தப் பட்டறையும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. மோஹிரா மூன்று வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வாருங்கள். எந்த நிறத்திலாவது வந்து சேருங்கள். நடந்தாவது வாருங்கள்.

ஷராபத்


எட்டாம் நிலையம்
11 செப்டம்பர்

ஷராபத்துக்கு,

திங்கட்கிழமை விடியலில் ஹகீமின் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. வீடு முழுக்க ஆட்கள். காரை உன்னிடமே விட்டுவிட்டு வந்தேன், அது நிழலில் நிற்கட்டும். அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியோடு இங்கே என் கணக்கு முடிகிறது.

ஆண்கள் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. சமையலறையில் நீங்கள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் கையை நீட்டியதும் அவர் என் விரலையே பார்த்தார். நகக்கண்ணிலும் ரேகையிலும் அத்தனை சிவப்பு, சோப்புக்கும் மசியவில்லை. "கையில என்னங்க, காயமா?" என்றார். உன் அண்ணன் முந்திக்கொண்டார். "காயமெல்லாம் இல்ல. எங்க மாப்பிள்ளை டிரைவர் வேலையோட வண்டி கழுவுற வேலையும் பாக்குறாரு."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பழைய நோர்முரத் என்றால் எழுந்து போயிருப்பான். எனக்கு அப்போது எழுந்து போகத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "ஆமாங்க, பெண்டாட்டி காரைத் தேச்சேன். நாலு வாரம் தேச்சேன்" என்றேன். "அது மட்டுமில்ல மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கேட்டை இடிச்சிட்டுப் போனான்னு எட்டு வருசமா ஒரு பால் லாரிக்காரனைத் திட்டிக்கிட்டு இருக்கீங்களே, அது அவன் இல்ல. நான்தான்."

சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார் பார், தாடியெல்லாம் ஆடியது. "அடப்பாவி, அவனை நான் ரெண்டு தடவை போலீஸ்ல சொன்னேனே!" என்று எர்காஷ் கத்தினார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கடைசியில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடைங்க, உடைங்க, ரொட்டி ஆறிப்போவுது" என்றார். உடைத்தோம். என் பக்கம் பெரிய துண்டாக வந்தது.

வாசலில் காரைப் பார்த்துச் சம்பந்தி, "டாப் ஏன் மஞ்சள்?" என்று கேட்டார். "காஸ்ல ஓடுது" என்று ஓராஸ்பாய் சொல்லச் சொன்னதையே சொன்னேன். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எட்டோடு நிற்கிறது என் எண்ணிக்கை. ஒன்பதாவது எங்கே?

நோர்முரத்


கிஜ்துவான்
20 செப்டம்பர்

மோஹிராவின் அப்பாவுக்கு,

பெயர் எழுதிக் கடிதம் ஆரம்பித்திருக்கிறீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. நான் பதிலுக்கு உங்கள் பெயரை எழுத மாட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் படித்துவிட்டு மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்தச் சிரிப்புச் சத்தம் சமையலறைக்கு வந்தபோது என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. மறுபடியும் ஏதோ சொல்லிவிட்டார்கள், இப்போது கதவு திறக்கும், நீங்கள் வெளியே வருவீர்கள், கார் கிளம்பும் சத்தம் கேட்கும் என்று காத்துக்கொண்டே நின்றேன். கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை சிரித்தபோது அதில் உங்கள் சத்தமும் கேட்டது, எல்லோரையும்விடப் பலமாக. நான் வெங்காயக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். மோஹிரா பார்த்துவிட்டாள். வெங்காயம் என்றேன். "உரிக்கவே இல்லியேம்மா" என்றாள்.

பால் லாரிக்காரரை அண்ணன் தேடிப்போய் ஒரு தர்ப்பூசணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதருக்கு எதற்கென்றே புரியவில்லையாம்.

ஒன்பதாவது நான் செய்தது. உங்களுக்குக் காய்ச்சல் வந்த வருஷம், மருந்து வாங்க நானே எடுத்துக்கொண்டு போனேன், மல்பெரி மரத்தில் இடித்தேன். பின்னால் நம்பர் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, அதனால்தான் கிடைக்கவில்லை. பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டு, நீங்கள் எழுந்ததும் "ஒரு கீறல்கூட இல்லாமக் கொண்டுவந்தேன்" என்று சொன்னேன்.

முப்பதாம் தேதி ஹகீமின் பஸ்ஸில் இடம் சொல்லாதீர்கள். மண்ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். டயருக்குக் காற்று அடித்தாயிற்று, தண்ணீர் இரண்டு கேன் வைத்தாயிற்று. விடியலில் கிளம்பிப் பத்து மணிக்கு நிலையத்து வாசலுக்கு வந்துவிடுவேன். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நில்லுங்கள். திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வாருங்கள்.

ஷராபத்